கிணற்றுக்கு வரி, தரிசுக்கு விலக்கு

சென்னையில் ஒரு கிரவுண்டு மனையை வாங்கிக் கம்பி வேலி போட்டுப் பூட்டி வைப்பவருக்கு ஆண்டுதோறும் ஆகும் வரிச் செலவு சொற்பம். அதே மனையில் நான்கு குடும்பங்கள் குடியிருக்கும்படி மாடி வீடு கட்டுபவருக்குத் தளத்துக்குத் தளம் சொத்து வரி ஏறும். மனை கைமாறினால், வாங்குபவரிடம் அரசு அதன் மதிப்பில் 9 சதவீதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளும். கட்டினால் வரி, கைமாறினால் வரி, சும்மா வைத்திருந்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வீட்டு விலை ஏன் இப்படி ஏறுகிறது என்ற பேச்சு வந்தால் மணல், சிமென்ட், கூலி, ஐ.டி. சம்பளம், வெளிநாட்டுப் பணம் என்று எல்லாம் அடிபடும். வரி எதன்மேல் விழுகிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை.

ஆனால் சிமென்ட் மூட்டை அண்ணா நகரிலும் ஒரு விலைதான், கூடுவாஞ்சேரியிலும் ஏறக்குறைய அதே விலைதான். கொத்தனார் கூலியும் அப்படியே. ஒரே அளவுள்ள இரண்டு ஃபிளாட்டுகளின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபடுகிறது என்றால் அந்த வேறுபாடு முழுவதும் அடியில் இருக்கும் நிலத்தின் விலை. வீட்டு விலை என்று நாம் புலம்புவதில் பெரும்பகுதி நில விலையைப் பற்றிய புலம்பல். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் பொருளாதாரத்தில் ஒரு அடிப்படை வேறுபாடு உண்டு. கட்டடத்துக்கு வரி போட்டால் கட்டுபவர்கள் குறைவார்கள், நாளடைவில் வீடுகள் குறையும், வாடகை ஏறும். ஆக அந்த வரியில் ஒரு பங்கு குடித்தனக்காரர் தலையில் வந்து சேரும். நிலத்துக்கு வரி போட்டால் நிலம் குறையாது. இருக்கிற நிலம் இருக்கிறபடியே இருக்கும். வீட்டுக்காரர் எவ்வளவு வாடகை கேட்கலாம் என்பதை அந்த இடத்துக்கு எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. ஏற்ற முடிந்திருந்தால் வரி வருவதற்கு முன்பே அவர் ஏற்றியிருப்பார். 1817-ல் டேவிட் ரிக்கார்டோ எழுதிவைத்த தர்க்கம் இது. நிலத்தின் வாடகைமேல் விழும் வரியை நிலச்சொந்தக்காரர் யார்மீதும் தள்ளிவிட முடியாது.

தள்ள முடியாத வரி எங்கே போகும்? விலைக்குள் போகும். நிலத்தை வாங்குபவர் அதிலிருந்து வரப்போகும் வருமானத்துக்குத்தான் விலை கொடுக்கிறார். அந்த வருமானத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அரசு எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தால் அந்த அளவுக்குக் குறைத்துத்தான் கேட்பார். முழு வாடகையையும் வரியாக எடுத்துக்கொண்டால் நிலத்தின் விலை பூஜ்யத்தை நெருங்க வேண்டும். கேட்பதற்கு வகுப்பறைக் கற்பனை போலத் தோன்றும். ஆனால் இது நடந்த இடம் ஒன்று உண்டு. அது சென்னை மாகாணம்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்த பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் உழவரிடம் நேரடியாகத் தீர்வை வசூலிக்கும் முறையை உருவாக்கினார்கள். ரயத்துவாரி என்று பின்னால் பெயர் பெற்ற அந்த முறையில் தொடக்கக் காலத் தீர்வை மிகக் கடுமை. மன்றோவே 1807-ல், பெல்லாரி, கடப்பை முதலிய மாவட்டங்களில் தீர்வையை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று எழுதினார். அன்று யாரும் கேட்கவில்லை; பிற்பாடு ஆளுநராக வந்தபின்தான் அவரால் குறைக்க முடிந்தது. காவிரிப் படுகையின் மிராசு நிலங்களைப் போன்ற வளமான பகுதிகளை விட்டுவிட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாகாணத்தின் பல புன்செய்ப் பகுதிகளில் நிலத்துக்கு விற்பனை விலை என்ற ஒன்றே அநேகமாக இல்லை. உழவர்கள் நிலத்தை விற்கவில்லை. தீர்வை கட்டி மாளாது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வசூலின் கொடுமை எந்த அளவுக்குப் போயிற்று என்பதற்கு சென்னையில் அமைந்த சித்திரவதை விசாரணை ஆணையத்தின் 1855 அறிக்கையே அரசின் வாயால் வந்த சாட்சி.

பிறகு காற்று திசை மாறியது. 1850-களில் தீர்வைகள் குறைக்கப்பட்டன. நில அளவை நடந்தது. 1864-ல் அரசின் பங்கு நிகர விளைச்சலில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்ற விதி வந்தது. தீர்வை 30 ஆண்டுகளுக்கு மாறாது என்று ஆயிற்று. தானிய விலையோ ஏறிக்கொண்டே போனது. விளைச்சலின் மதிப்பு ஏற, தீர்வை நிற்க, இடையில் உண்டான மிச்சம் முழுவதும் நிலத்தின் விலையாக உருவெடுத்தது. மாகாணப் பதிவுத் துறையின் தலைவராக இருந்த ஸ்ரீனிவாச ராகவையங்கார் 1890-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெரிய அறிக்கையில், நில விலை ஏறியிருப்பதை நாடு முன்னேறியதற்குச் சான்றுகளில் ஒன்றாகக் காட்டினார். பத்திரங்கள் அவர் கைவழியாகவே போயின. விலை ஏறியது அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்! ஆனால் அதை முன்னேற்றம் என்று மட்டும் படிக்க முடியாது. அரசு விட்டுக்கொடுத்த வாடகையைப் பட்டாதாரரும், அவருக்குக் கடன் கொடுத்தவரும் விலையாக மாற்றிக்கொண்ட கதையும் அதில் இருக்கிறது. நிலத்துக்கு விலை வந்ததால்தான் அதன்மேல் கடன் கொடுக்க ஆள் வந்தார்கள். கடன் வந்ததால்தான் நிலம் கைமாறத் தொடங்கியது.

கம்பெனியின் தவறு நிலத்துக்கு வரி போட்டது மட்டும் அல்ல என்பது என் எண்ணம். புன்செய் வைத்திருப்பவர் சொந்தச் செலவில் கிணறு வெட்டிக் கமலை இறைத்துத் தோட்டக்காலாக மாற்றினால் அதிகாரிகள் கூடுதலான தோட்டக்கால் தீர்வை போட்டார்கள். பக்கத்து வயல்காரர் வெட்டாமல் விட்டால் அவருக்குப் பழைய புன்செய்த் தீர்வைதான். மண்ணும் மழையும் இருவருக்கும் ஒன்றே. அதிகமாக விளைந்தது கிணறு வெட்டியவரின் முதலும் உழைப்பும். வரி அதன்மேல் விழுந்தது. இந்தத் தவறை அதிகாரிகளே உணர்ந்து 1850-களில் திருத்தினார்கள்: உழவர் தம் செலவில் செய்துகொண்ட மேம்பாட்டுக்குக் கூடுதல் தீர்வை கிடையாது என்றார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் கோயம்புத்தூர்ப் பக்கம் கிணறுகள் பெருகியதற்குப் பல காரணங்கள் உண்டு, இதுவும் ஒன்று.

1879-ல் அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் உலகத்துக்குச் சொன்னது இதையே: மண்ணின் மதிப்புக்கு வரி போடு, மனிதன் அதன்மேல் எழுப்பியதை விட்டுவிடு. நம் ஊரில் நிலவரி என்றாலே கயத்தாற்றுப் புளியமரமும், 1959-ல் வந்த கட்டபொம்மன் படத்தின் கர்ஜனையும் நினைவுக்கு வரும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே வரியை உழவர்களே கேட்டு வாங்கிய நாடும் உண்டு. டென்மார்க்கின் சிறு நில உழவர்கள் 1902-ல் கோகே என்ற ஊரில் கூடி, தங்களுக்கு வரிச் சலுகை வேண்டாம், எல்லோருடைய நிலத்துக்கும் மதிப்பின்படி வரி போடுங்கள் என்று தீர்மானம் போட்டார்கள். பெரும் பண்ணைகளின் நிலம் வரியின் சுமையால் சந்தைக்கு வரும், விலை இறங்கும், தங்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. சலுகை கேட்காத உழவர் மாநாடு ஒன்றைக் கற்பனை செய்வதே இன்று கடினம். 1920-களில் அங்கே நில மதிப்பு வரி சட்டமானது. 1957-ல் ஹென்றி ஜார்ஜின் வழிவந்த சிறு கட்சி ஒன்று கூட்டணி அரசிலேயே இடம்பெற்றது. 1960 தேர்தலில் நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட இல்லாமல் துடைத்தெறியப்பட்டது.

அந்த வரி இன்னும் அங்கே இருப்பதால் ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிடைத்தது. 2007-ல் டென்மார்க் தன் 271 நகராட்சிகளை 98 ஆகச் சுருக்கியது. இணைந்த நகராட்சிகள் ஒரே வரிவீதத்துக்கு வரவேண்டியதாயிற்று. ஒரு பக்கத்து வீடுகளுக்கு நிலவரி ஏறியது, இன்னொரு பக்கத்து வீடுகளுக்கு இறங்கியது; வீட்டுக்காரர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. விலைகளை ஒப்பிட்டுப் பார்த்த டேனிஷ் பொருளாதார அறிஞர்கள், வருங்காலம் முழுவதும் கட்டவேண்டிய கூடுதல் வரியின் இன்றைய மதிப்பு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவும் வீட்டு விலையில் குறைந்திருப்பதைக் கண்டார்கள். ரிக்கார்டோவின் தர்க்கம் இங்கே விற்பனைப் பத்திரங்களில் எழுதப்பட்டிருந்தது.

இந்த முடிவைப் படித்ததும் நிலவரி ஆதரவாளர்கள் கைதட்டுகிறார்கள். கொஞ்சம் பொறுத்துத் தட்டலாம். வரி முழுவதும் விலைக்குள் போய்விட்டது என்றால், அதை முழுவதும் சுமந்தவர் சட்டம் மாறிய அன்று சொந்தக்காரராக இருந்தவர் ஒருவரே. அடுத்து வாங்குபவர் குறைந்த விலைக்கு வாங்கி, அதற்கு ஈடாக ஆண்டுதோறும் வரி கட்டுகிறார். அவருக்கு யாரும் எதையும் தானமாகத் தரவில்லை. ஆகவே ‘நிலவரி வந்தால் வீடு மலிவாகும்’ என்பது அரை உண்மை. மீதி அரையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மனை, செலவெல்லாம் போக, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வாடகை தரும் என்று வைத்துக்கொள்வோம். வங்கி வட்டி 7 சதவீதம். நில விலை ஏறாது என்று எல்லோரும் நம்பினால் அதன் விலை 14.3 லட்சம். ஆனால் நம் நகரங்களில் வாடகை, விலையில் 2 அல்லது 3 சதவீதம்தான் தேறும். 2.5 என்று எடுத்துக்கொண்டால் அந்த மனையின் விலை 40 லட்சம். வங்கியில் போட்டால் 7 சதவீதம் கிடைக்கும்போது 2.5-க்கு ஏன் ஒருவர் 40 லட்சத்தைக் கொட்டுகிறார்? மீதி 4.5 சதவீதம் ஆண்டுதோறும் விலை ஏறுவதில் வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆக 40 லட்சத்தில் 14.3 லட்சம் வாடகைக்கு; மற்றதெல்லாம் எதிர்பார்ப்புக்கு.

இப்போது நிலத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் வரி என்று வைப்போம். எதிர்பார்ப்பு இல்லாத உலகில் விலை 14.3-லிருந்து 12.5 லட்சத்துக்கு இறங்கும். எட்டில் ஒரு பங்குதான் குறைவு. எதிர்பார்ப்பில் ஊதிய விலையோ 40-லிருந்து 28.6 லட்சத்துக்கு விழும். நான்கில் ஒரு பங்குக்கும் மேல். அதே வரிதான். எங்கே விலை வாடகையை விட்டு வெகுதூரம் ஓடிவிட்டதோ அங்கே சிறிய வரியும் பெரிய அடியாக விழுகிறது. எதிர்பார்ப்பையே வரி தணித்தால் இன்னும் இறங்கும்.

வாங்குபவரின் பக்கம் நின்று பார்த்தால், 11.4 லட்சம் குறைவாகக் கடன் வாங்குகிறார். வீட்டுக் கடன் வட்டி 8.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 97,000 ரூபாய் வட்டி மிச்சம். வரியாகக் கட்டுவது 28,600. கையை விட்டுப் போகும் பணம் நன்றாகவே குறைகிறது. அவர் இழப்பது, பின்னால் விற்று எடுத்திருக்கக்கூடிய லாபத்தின் ஒரு பகுதி. குடியிருக்க வாங்குபவருக்கு அந்த லாபம் காகிதத்தில் இருக்கிற லாபம். விற்றால் அவரும் ஏறிய விலையில்தான் இன்னொரு வீடு வாங்க வேண்டும். லாபத்துக்காகவே வாங்கிப் போடுபவருக்கு அதுதான் எல்லாமே. பொருளாதாரக் கணக்கில் இருவருக்கும் ஒரே விளைவு என்று எழுதிவிடலாம். நடைமுறையில் ஒருவர் சந்தைக்கு வருவார், மற்றவர் விலகுவார். நிலவரியின் பயன் விலையைக் குறைப்பதைவிட, யார் வாங்குகிறார்கள் என்பதை மாற்றுவதில் இருக்கிறது என்று நான் கருதுவது இதனால்தான்.

சென்னை இந்தப் பாதையில் ஒருமுறை அடி எடுத்துவைத்திருக்கிறது. பலருக்கு அது மறந்துபோயிற்று. 1963-லும் பிறகு 1966-லும் மாநில அரசு நகர்ப்புற நில வரிச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1966-ன் சட்டம், கட்டடத்தை விட்டுவிட்டு நிலத்தின் சந்தை மதிப்பில் 0.4 சதவீதம் வரி விதித்தது. பரந்த நிலம் வைத்திருந்த பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. நிலத்தின் மூலதன மதிப்பின்மேல் வரி போட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1969-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் வென்றது, வரி தேய்ந்தது. காரணம் மதிப்பீடு. நிலத்தின் விலை ஆண்டுக்காண்டு ஓடும்போது, வரிக்கான மதிப்பு ஏதோ ஒரு பழைய தேதியில் கட்டிவைக்கப்பட்டது. 1990-களிலும் 1981-ன் சந்தை விலையே அடிப்படை. அடிப்படை பழசாக ஆக, வரி வசூலிக்கும் செலவுக்கும் கட்டுபடியாகாத ஒன்றாகிவிடும். வழக்குத் தொடுத்த ஆலையும் பின்னாளில் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுகின்றன.

டென்மார்க்கிலும் நோய் இதேதான். 2001-ல் வந்த அரசு, வீட்டு மதிப்பின்மேல் விழும் வரியைக் குரோனர் கணக்கிலேயே உறையவைத்தது. விலை ஏறினாலும் வரி ஏறாது. 2003-லிருந்து நிலவரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று உச்சவரம்பும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோபன்ஹேகன் அடுக்குமாடிகளின் விலை பறந்ததற்கு இந்த உறைவும் ஒரு காரணம் என்பது அங்குள்ள பொருளாதார அறிஞர்கள் பலரின் முடிவு. 2013-ல் தணிக்கை அலுவலகம் அரசின் மதிப்பீடுகளே நம்பத்தக்கவை அல்ல என்றது. புதிய மதிப்பீட்டு முறையுடன் புதிய சட்டம் நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. நூறாண்டு அனுபவமுள்ள நாட்டின் கதி இது.

இங்கே சொத்து வரியின் கதை இன்னும் எளிது. சென்னையில் அது தெருவாரியாகச் சதுர அடிக்கு நிர்ணயித்த வாடகை மதிப்பையும் கட்டடப் பரப்பையும் பெருக்கி வருவது. 1998-க்குப் பிறகு நெடுங்காலம் பொதுச் சீராய்வு இல்லை. 2018-ல் உயர்த்தினார்கள், 2019-ல் நிறுத்திவைத்தார்கள். 2022-ல்தான் உயர்வு நிலைத்தது. அப்போது பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குக் கீழே உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேலே 150 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றினார்கள். பெரிய வீட்டுக்கு அதிக உயர்வு என்பது நியாயமாகவே தோன்றும். ஆனால் அளவுகோல் கட்டடத்தின் பரப்பு. போட் கிளப் பகுதியில் ஏக்கர் கணக்கில் தோட்டத்துக்கு நடுவே நிற்கும் பழைய பங்களாவின் தோட்டம் இந்தக் கணக்கில் வராது. கிணறு வெட்டியவருக்குத் தோட்டக்கால் தீர்வை போட்ட அதே புத்தி.

காலிமனை வரி என்று ஒன்று இருக்கிறது. அது யாரையும் விற்கத் தூண்டும் அளவில் இல்லை. இந்திய நகரங்கள் சொத்து வரியில் எவ்வளவு விட்டுவைக்கின்றன என்பதற்கு ஒன்றிய அரசின் 2016–17 பொருளாதார ஆய்வறிக்கை செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஒரு மதிப்பீடு செய்தது: பெங்களூருவும் ஜெய்ப்பூரும் தங்களால் வசூலிக்கக்கூடியதில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கவில்லை.

விட்ட இடத்தை முத்திரைத் தீர்வை நிரப்புகிறது. 2017-ல் தமிழக அரசு பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதம் ஆக்கியது. 2023-ல் மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றி, கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கியது. இப்போது தீர்வை 7, கட்டணம் 2. வசூலுக்கு இதைவிட வசதியான வரி இல்லை. கட்டாமல் பத்திரம் கைக்கு வராது. வேலை மாறி வீட்டை மாற்றும் குடும்பத்தை இது ஒவ்வொரு முறையும் பிடிக்கிறது. முப்பது ஆண்டுகளாக மனையைப் பூட்டி வைத்திருப்பவரை ஒருமுறையும் தொடுவதில்லை. விலையைக் குறைத்துக் காட்டி மீதியைக் கருப்பில் வாங்கும் பழக்கத்துக்கு இது போடும் உரம் தனி.

இதற்கிடையில் நிலத்தின் மதிப்பை ஏற்றும் செலவை அரசே செய்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். பெரும்பகுதி ஜப்பானிய நிறுவனத்திடமும் ஆசிய வங்கிகளிடமும் வாங்கிய கடன். நிலையம் வரும் என்ற அறிவிப்பிலேயே பக்கத்து மனைகளின் விலை ஏறிவிடுகிறது. அந்த ஏற்றம் மனைக்காரருக்கு, கடன் எல்லோருக்கும். அந்தப் பகுதியில் வாடகைக்கு இருப்பவர் இரண்டு முறை கொடுக்கிறார், கடனுக்கு ஒரு பங்கும் ஏறிய வாடகையாக இன்னொரு பங்கும்.

மதிப்பீடு கடினம் என்ற ஆட்சேபம் தமிழ்நாட்டில் அவ்வளவு எடுபடாது. தெருவாரியாக, சர்வே எண்வாரியாக நிலத்தின் வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். மாநகராட்சியின் சொத்து வரிப் பேரேடு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வழிகாட்டி மதிப்பும் குறைபாடுள்ளதுதான். ஓர் அரசாணையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க முடிகிறது என்றால் அது சந்தையின் மதிப்பு அல்ல, அரசின் வசதி. ஆனாலும் 1981-ன் விலையைவிட மேல். நிலவரி எல்லாவற்றையும் தீர்க்கும் என்றும் இல்லை. எத்தனை மாடி கட்டலாம் என்ற விதி இறுக்கமாக இருந்தால் மனைக்காரரை வரி எவ்வளவு நெருக்கினாலும் புதிய வீடு முளைக்காது. 2019-ன் கட்டட விதிகள் தளப் பரப்புக் குறியீட்டை 1.5-லிருந்து 2 ஆக்கியதற்கு இந்த விஷயத்தில் வரியைவிடக் கூடுதல் பயன் இருக்கலாம்.

கனமான ஆட்சேபங்கள் இரண்டு. ஒன்று, மயிலாப்பூரில் அப்பா கட்டிய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவர். நிலம் கோடிகளில், கையில் மாதச் செலவுக்கு மட்டும். டென்மார்க் இதற்கு வைத்த வழி, ஓய்வூதியர் வரியைக் கடனாக நிறுத்திவைத்து வீடு விற்கும்போது அடைக்கலாம் என்பது. இங்கும் அது முடியாத காரியம் அல்ல. இரண்டாவது இதைவிடக் கடினம்: போன ஆண்டுதான் இருபது ஆண்டுக் கடனில் ஃபிளாட் வாங்கிய இளம் தம்பதி. பிரிபடாத நிலப் பங்குக்கு ஏறிய விலையை முழுவதும் கொடுத்துவிட்டார்கள், 9 சதவீதமும் கட்டிவிட்டார்கள். நாளை நிலவரி வந்து விலை இறங்கினால் வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாக நிற்கும். லாபம் பார்த்தவர் அவர்களுக்கு விற்றவர். அவர் பணத்தோடு போய்விட்டார்.

டென்மார்க் 2024-ல் இந்தச் சிக்கலைச் சலுகை கொடுத்துத் தாண்டியது. ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர்களுக்குப் புதிய முறையில் வரி ஏறினால், ஏறிய அளவுக்குத் தள்ளுபடி. வீட்டை விற்கும் நாளில் தள்ளுபடி முடியும். புதிதாக வாங்குபவர் முழு வரி கட்டுவார். பழைய சொந்தக்காரர் அடிபடவில்லை. ஆனால் விற்றால் தள்ளுபடி போய்விடும் என்பதால், வீடு மாற்றவேண்டியவர்களுக்கும் மாற்றாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.